யுனிக்ஸ் கட்டளை நிரல்களின் கோப்பு அனுமதிகள்

யுனிக்ஸ் கட்டளை நிரல்களின் கோப்பு அனுமதிகள் என்பவை யுனிக்ஸ் இயக்குதளத்திலும், லினக்ஸ், பிஎஸ்டி, மேக்ஓஎஸ் போன்ற யுனிக்ஸ் வழி இயக்குதளங்களிலும், இயக்குதளத்துடன் சேர்ந்தே வரும் நிரல்களை யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் இயக்கலாம் என்பதையும், இயக்கும்போது அவை யாருடைய அதிகாரத்தில் இயங்கும் என்பதையும் தீர்மானிக்கும் அமைப்புகள் ஆகும்.

இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டதே முதன்மையானது. ஒரு நிரல் கோப்பின் அனுமதியில் உள்ள ஒரேயொரு பிட், அந்நிரல் அதை இயக்கும் சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் இயங்குமா அல்லது கணினி முழுவதையும் ஆளும் ரூட் பயனரின் அதிகாரத்தில் இயங்குமா என்பதை முடிவு செய்கின்றது. கடவுச்சொல்லை மாற்றுதல் போன்ற அன்றாடப் பணிகள் இந்தப் பிட்டினாலேயே இயலுகின்றன. கணினியை முழுமையாகக் கைப்பற்றிய பல தாக்குதல்களும் இதே வழியாகவே நிகழ்ந்துள்ளன.

அடிப்படை அனுமதிகள்

யுனிக்ஸ் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. கோப்பை அணுக முனைவோர் உரிமையாளர், குழுவினர், மற்றவர்கள் என மூன்று வகையினராகப் பிரிக்கப்படுகின்றனர். ஒவ்வொரு வகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் ஆகிய மூன்று அனுமதிகள் தனித்தனியே தரப்படலாம் அல்லது மறுக்கப்படலாம். எனவே அடிப்படை அனுமதிகள் மொத்தம் 9 பிட்டுகள் ஆகும்.

எல்எஸ் கட்டளையின் விரிவான பட்டியலில் இவை எழுத்துகளாகக் காட்டப்படுகின்றன. ஆர் என்ற எழுத்து படித்தலையும், டபிள்யூ எழுதுதலையும், எக்ஸ் இயக்குதலையும் குறிக்கும். அனுமதி இல்லாத இடத்தில் சிறு கோடு இடப்படும்.

ஒரு பயனருக்குப் பொருந்தும் முதல் வகை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். உரிமையாளருக்குப் படிக்கும் அனுமதி மறுக்கப்பட்டு மற்றவர்களுக்குத் தரப்பட்டிருந்தால், உரிமையாளரால் அக்கோப்பைப் படிக்க இயலாது, மற்றவர்கள் படிக்கலாம். ஆயினும் உரிமையாளர் தன் கோப்பின் அனுமதியை எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

ரூட் பயனருக்குப் படித்தல், எழுதுதல் ஆகிய அனுமதிகள் பொதுவாகத் தடையாக இருப்பதில்லை. இயக்குதலில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. மூன்று வகையினருள் எவருக்குமே இயக்கும் அனுமதி இல்லாத கோப்பை ரூட் பயனராலும் நேரடியாக இயக்க முடியாது.

அடைவுகளுக்கு இதே பிட்டுகள் வேறு பொருள் தருகின்றன. படித்தல் என்பது அடைவிலுள்ள பெயர்களைப் பட்டியலிடுதல். எழுதுதல் என்பது அடைவில் கோப்புகளை உருவாக்குதல், நீக்குதல், பெயர் மாற்றுதல். இயக்குதல் என்பது அடைவின் வழியாக உள்ளே செல்லுதல். ஒரு கோப்பை நீக்கத் தேவையானது அக்கோப்பின் மீதான அனுமதி அன்று. அது இருக்கும் அடைவின் மீதான எழுதும் அனுமதி ஆகும். இதனால் ஒரு கட்டளை நிரலின் கோப்பை மட்டும் பாதுகாப்பது போதாது. அது இருக்கும் அடைவில் எவரும் எழுதலாம் என்றால், அந்நிரலை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொரு நிரலை எவரும் வைத்துவிட முடியும்.

எண் வடிவக் குறியீடு

அனுமதிகளை எட்டடிமான எண்களாகவும் எழுதுவர். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 எனக் கொண்டு ஒவ்வொரு வகையினருக்கும் கூட்டுத்தொகை எழுதப்படும். எடுத்துக்காட்டாக, 755 என்பது உரிமையாளருக்கு மூன்று அனுமதிகளும் (4+2+1), குழுவினருக்கும் மற்றவர்களுக்கும் படித்தலும் இயக்குதலும் (4+1) உண்டு என்பதைக் குறிக்கும். 600 என்பது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் கூடிய கோப்பைக் குறிக்கும்.

இந்த மூன்று இலக்கங்களுக்கு முன்னால் நான்காவதாக ஓர் இலக்கம் வரலாம். அதில் 4 என்பது செட்யூஐடி பிட்டையும், 2 என்பது செட்ஜிஐடி பிட்டையும், 1 என்பது ஒட்டு பிட்டையும் குறிக்கும். அனுமதிகளை மாற்றுவதற்குச் சிஎச்மோட் கட்டளையும், உரிமையாளரை மாற்றுவதற்குச் சிஎச்ஓன் கட்டளையும் பயன்படுகின்றன.

பொதுவாகக் காணப்படும் சில அமைப்புகள்:

* எல்எஸ், கேட், சிபி முதலிய பொதுக் கட்டளைகள் – 755
* பாஸ்வேர்ட், எஸ்யூ – 4755
* சூடோ – டெபியனில் 4755, ஃபெடோராவில் 4111
* கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் உள்ள ஷேடோ கோப்பு – டெபியனில் 640, ஃபெடோராவில் 000
* தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு – 1777

இவை அனைத்தின் உரிமையாளரும் ரூட் பயனர் ஆவார். எல்எஸ் போன்ற கட்டளைகளை எவரும் இயக்கலாம், எவரும் படிக்கலாம். ரூட் பயனர் மட்டுமே மாற்றலாம். பொதுக் கட்டளை ஒன்றில் மற்றவர்கள் எழுத முடிந்தால், ஒருவர் அதில் தனது நிரல்வரிகளைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால் போதும். அடுத்து அக்கட்டளையை இயக்குபவர் நிருவாகியாக இருந்தால், அந்த நிரல்வரிகள் நிருவாகியின் அதிகாரத்தில் இயங்கிவிடும்.

பொறிமொழியில் உள்ள நிரலை இயக்குவதற்கு இயக்கும் அனுமதி மட்டும் போதுமானது. படிக்கும் அனுமதி தேவையில்லை. ஃபெடோராவில் சூடோவுக்கு 4111 என அமைக்க முடிவது இதனாலேயே. ஷெல் மொழியில் எழுதப்பட்ட நிரல்களுக்கோ இரண்டும் தேவை. அவற்றை ஷெல் திறந்து படித்தே இயக்குகின்றது.

செட்யூஐடி பிட்

தேவை

யுனிக்சில் இயங்கும் நிரல் ஒன்று வழக்கமாக அதை இயக்கிய பயனரின் அதிகாரத்தையே பெறும். பெரும்பாலான கட்டளைகளுக்கு இது பொருத்தமானது. எனினும் சில பணிகளுக்கு இது போதாது.

கடவுச்சொல்லை மாற்றுதல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களின் மறைவடிவங்களும் ஷேடோ கோப்பில் உள்ளன. சாதாரணப் பயனர் அதில் எழுத அனுமதிக்கப்பட்டால், அவர் பிறருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். அனுமதிக்கப்படாவிட்டால், தன்னுடையதைக்கூட மாற்ற முடியாது. ஒரே கோப்பில் ஒரு வரியை மட்டும் மாற்றலாம் எனக் கூறும் வசதி அடிப்படை அனுமதிகளில் இல்லை.

இதற்கான யுனிக்சின் தீர்வு, அனுமதியைப் பயனருக்குத் தராமல் நிரலுக்குத் தருவதாகும். பாஸ்வேர்ட் கட்டளையின் உரிமையாளர் ரூட். அதன் செட்யூஐடி பிட் இடப்பட்டுள்ளது. எனவே எந்தப் பயனர் அதை இயக்கினாலும் அது ரூட் அதிகாரத்தில் இயங்கும். யார் தன்னை இயக்கினார் என்பதை அறிந்து, பழைய கடவுச்சொல்லைச் சரிபார்த்து, அவருக்குரிய வரியை மட்டும் மாற்றும் பொறுப்பு நிரலைச் சார்ந்தது. அனுமதிப் பிட்டுகளால் கூற முடியாத விதியை நிரலின் உள்ளே எழுதி வைப்பதே செட்யூஐடியின் அடிப்படைக் கருத்து ஆகும்.

எல்எஸ் பட்டியலில், செட்யூஐடி இடப்பட்ட நிரலின் உரிமையாளருக்குரிய எக்ஸ் எழுத்துக்குப் பதிலாகச் சிறிய எஸ் காட்டப்படும். இயக்கும் அனுமதி இல்லாமல் செட்யூஐடி மட்டும் இருந்தால் பெரிய எஸ் காட்டப்படும். இது பெரும்பாலும் தவறுதலான அமைப்பைச் சுட்டும்.

வரலாறு

செட்யூஐடி கருத்தை உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டென்னிஸ் ரிட்சி ஆவார். 1971 நவம்பரில் வெளியான யுனிக்சின் முதற் பதிப்புக் கையேட்டிலேயே இப்பிட் இடம்பெற்றுள்ளது. அப்பதிப்பில் குழு என்ற பிரிவு இல்லை. உரிமையாளர், மற்றவர் என்ற இரு பிரிவுகளே இருந்தன. குழுக்களுக்கான அனுமதிகள் பின்னர் வந்த பதிப்புகளில் சேர்க்கப்பட்டன. எனவே செட்யூஐடி, குழு அனுமதிகளை விடப் பழமையானது.

இக்கண்டுபிடிப்புக்கு 1973 சூலையில் காப்புரிமை கோரி விண்ணப்பிக்கப்பட்டது. 1979 சனவரி 16 அன்று 4,135,240 என்ற எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பின்னர் இக்காப்புரிமை பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

தொடக்ககால யுனிக்சில் கடவுச்சொற்களின் மறைவடிவங்கள் அனைவரும் படிக்கக்கூடிய பயனர் பட்டியல் கோப்பிலேயே இருந்தன. எல்எஸ் போன்ற கட்டளைகள் பயனர் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்ட அக்கோப்பைப் படிக்க வேண்டியிருந்ததால் அதை மறைத்து வைக்க இயலவில்லை. கணினிகளின் வேகம் கூடி, மறைவடிவங்களிலிருந்து கடவுச்சொற்களை ஊகித்தல் எளிதானபோது, அவை தனியாக ஷேடோ கோப்புக்கு மாற்றப்பட்டன.

செயற்படும் முறை

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் செயல்முறை எனப்படும். ஒவ்வொரு செயல்முறைக்கும் மூன்று பயனர் எண்களை இயக்குதளத்தின் மையப் பகுதியான கருனி வைத்திருக்கும்.

* மெய்யான பயனர் எண் – நிரலை இயக்கியவர் யார் என்பதைக் காட்டும்.
* செயலுறு பயனர் எண் – அனுமதிகளைச் சரிபார்க்கும்போது பயன்படும்.
* சேமித்த பயனர் எண் – தற்காலிகமாகக் கைவிட்ட அதிகாரத்தை மீண்டும் பெறுவதற்கு உதவும்.

செட்யூஐடி நிரல் தொடங்கும்போது கருனி, செயலுறு எண்ணையும் சேமித்த எண்ணையும் கோப்பின் உரிமையாளரின் எண்ணாக மாற்றுகின்றது. மெய்யான எண் மாறுவதில்லை. பாஸ்வேர்ட் கட்டளை தன்னை இயக்கியவரை மெய்யான எண்ணைக் கொண்டே அறிகின்றது.

நன்கு எழுதப்பட்ட செட்யூஐடி நிரல், ரூட் அதிகாரம் தேவைப்படும் பணியை முதலில் முடித்துவிட்டு, மூன்று எண்களையும் பயனரின் எண்ணாக மாற்றி அதிகாரத்தை நிரந்தரமாகக் கைவிடும். செயலுறு எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. சேமித்த எண் ரூட்டாகவே இருக்குமாயின், நிரலில் ஊடுருவியவர் அதைக்கொண்டு அதிகாரத்தை மீட்டுக்கொள்ள முடியும்.

செட்ஜிஐடியும் ஒட்டு பிட்டும்

செட்ஜிஐடி பிட், நிரலைக் கோப்பின் குழுவினுடைய அதிகாரத்தில் இயங்கச் செய்யும். ரூட் அதிகாரம் முழுவதையும் தராமல், ஒரு சில கோப்புகளை மட்டும் அணுகச் செய்ய இது உதவுகின்றது. டெபியனில் ஷேடோ கோப்பு, ஷேடோ என்ற குழுவுக்குரியது. கடவுச்சொல்லின் காலாவதி நாளைக் காட்டும் சேஜ் கட்டளை அக்குழுவின் செட்ஜிஐடி நிரலாகும். அதனால் அது ஷேடோ கோப்பைப் படிக்கலாம்; எழுத முடியாது. இந்நிரலில் பிழை இருந்தாலும் அதனால் விளையும் கேடு ஓரளவுக்குள் அடங்கும்.

அடைவு ஒன்றின் மீது செட்ஜிஐடி இடப்பட்டால், அதனுள் உருவாக்கப்படும் புதிய கோப்புகள் அடைவின் குழுவையே பெறும். லினக்சில் அடைவின் மீது இடப்படும் செட்யூஐடி பிட்டுக்குப் பொருள் இல்லை.

ஒட்டு பிட், தொடக்கத்தில் அடிக்கடி பயன்படும் நிரலை இடமாற்று நினைவகத்திலேயே வைத்திருக்கப் பயன்பட்டது. பெயரும் அதனால் வந்தது. தற்காலத்தில் அது அடைவுகளுக்கே பயன்படுகின்றது. ஒட்டு பிட் உள்ள அடைவில் எவரும் கோப்புகளை உருவாக்கலாம். ஆனால் கோப்பின் உரிமையாளர், அடைவின் உரிமையாளர், ரூட் ஆகியோர் தவிர வேறு எவரும் அதை நீக்கவோ பெயர் மாற்றவோ முடியாது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

சாதாரண நிரலில் உள்ள பிழை அதை இயக்கியவரை மட்டுமே பாதிக்கும். ரூட் உரிமையுள்ள செட்யூஐடி நிரலில் உள்ள பிழையோ, கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரையும் ரூட் ஆக்கிவிடக்கூடும். அந்நிரலுக்குத் தரப்படும் உள்ளீடுகள், சூழல் மாறிகள், திறந்திருக்கும் கோப்புகள், நடப்பு அடைவு ஆகிய அனைத்தையும் இயக்குபவரே அமைக்கிறார் என்பதே இதன் காரணம்.

இதனால் இயக்குதளங்கள் சில தடைகளை வைத்துள்ளன. லினக்சில் செட்யூஐடி நிரல் இயங்கும்போது, வேறு நூலகங்களை ஏற்றச் சொல்லும் சூழல் மாறிகள் புறக்கணிக்கப்படுகின்றன. சாதாரணப் பயனர் அத்தகைய நிரலைப் பிழைத்திருத்தி கொண்டு கண்காணித்தால் அதற்கு உயர் அதிகாரம் கிடைக்காது. செட்யூஐடி நிரல் கோப்பில் சாதாரணப் பயனர் எதையேனும் எழுதினால் அந்தப் பிட் தானாக நீக்கப்படும். ஷெல் மொழி நிரல்களின் செட்யூஐடி பிட்டை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. கருனி கோப்பைச் சரிபார்ப்பதற்கும் ஷெல் அதைத் திறப்பதற்கும் இடைப்பட்ட நேரத்தில் கோப்பை மாற்றிவிட முடியும் என்பது இதற்கு ஒரு காரணம். வெளியிலிருந்து இணைக்கப்படும் வட்டுகளை, அவற்றிலுள்ள செட்யூஐடி பிட்டுகளைப் புறக்கணிக்கும் வகையில் ஏற்றும் வசதியும் உண்டு.

இத்தடைகளை மீறியும் பெரும் ஓட்டைகள் வெளிப்பட்டுள்ளன.

சூடோ, 2021: சூடோ 1980ஆம் ஆண்டளவில் பஃபலோவிலுள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் காக்சால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகியோரால் எழுதப்பட்டது. குறிப்பிட்ட பயனர்களுக்குக் குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட் அதிகாரத்தில் இயக்க இது வழி செய்கின்றது. 2021 சனவரி 26 அன்று குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் இதில் ஒரு நினைவக வழிதல் பிழை இருப்பதை அறிவித்தனர். பின்சாய்வுக் கோட்டில் முடியும் உள்ளீட்டைக் கையாள்வதில் இருந்த பிழை அது. சூடோவைப் பயன்படுத்த அனுமதி பெறாத பயனரும் அதன்வழி ரூட் ஆக முடிந்தது. 2011 சூலையில் சேர்க்கப்பட்ட நிரல்வரிகளில் இருந்த இப்பிழை, ஏறத்தாழ 10 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்தது.

பிகேஎக்செக், 2022: சூடோவைப் போன்ற பணியைச் செய்யும் பிகேஎக்செக் கட்டளையில் இருந்த ஓட்டையைக் குவாலிஸ் 2022 சனவரி 25 அன்று வெளியிட்டது. எந்த நிரலும் குறைந்தது ஓர் உள்ளீட்டுடன், அதாவது தனது பெயருடனாவது, தொடங்கும் என்ற எண்ணத்தில் அது எழுதப்பட்டிருந்தது. உள்ளீடு ஏதுமின்றி அதை இயக்கியபோது, அது உள்ளீட்டுப் பட்டியலைத் தாண்டிச் சூழல் மாறிகளின் பகுதியைப் படித்து எழுதியது. 2009 மே மாதம் முதல் வெளியான எல்லாப் பதிப்புகளிலும் இப்பிழை இருந்தது. திருத்தப்பட்ட பதிப்பு கிடைக்கும்வரை செய்ய வேண்டியதாகப் பரிந்துரைக்கப்பட்ட தற்காலிகத் தீர்வு, பிகேஎக்செக்கின் அனுமதியை 4755 என்பதிலிருந்து 755 ஆக மாற்றுதல் ஆகும். பிழை நிரலில் அப்படியே இருந்தபோதும், அந்த ஒரு பிட் நீங்கியதால் அது பயனற்றதாயிற்று. பின்னர் 2022 மே மாதம் வெளியான லினக்ஸ் 5.18 பதிப்பில், உள்ளீடற்றுத் தொடங்கும் எந்த நிரலுக்கும் ஒரு வெற்றுச் சரத்தைக் கருனியே இட்டுத் தரும்படி மாற்றப்பட்டது.

செட்யூஐடி நிரல்களைக் குறைக்கும் முயற்சிகள்

செட்யூஐடியின் முதன்மைக் குறை அது ரூட் அதிகாரத்தை முழுமையாகத் தருவதே ஆகும். பிங் கட்டளைக்குத் தேவையானது வலையமைப்பில் நேரடியாகப் பொதிகளை அனுப்பும் உரிமை மட்டுமே. ஆயினும் நெடுங்காலம் அது செட்யூஐடி நிரலாக இருந்ததால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் உரிமையும் சேர்ந்தே அதற்குக் கிடைத்தது.

லினக்ஸ் கருனி ரூட் அதிகாரத்தைத் திறன்கள் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரித்தது. 2008 சனவரியில் வெளியான 2.6.24 பதிப்பு முதல், இத்திறன்களை நிரல் கோப்புகளுடன் இணைக்க முடிகின்றது. இதனால் பிங் கட்டளைக்கு வலையமைப்புத் திறனை மட்டும் தரலாம். 2011இல் வெளியான லினக்ஸ் 3.0 பதிப்பில், பிங்குக்குத் தேவையான செய்திகளை மட்டும் சாதாரணப் பயனரே அனுப்பும் வசதி வந்தது. அவ்வசதி இயக்கப்பட்டுள்ள இடங்களில் பிங்குக்குத் தனி அதிகாரம் எதுவும் தேவையில்லை.

வேறு சில முயற்சிகள்:

* 2010 திசம்பரில் வெளியான ஓப்பன்வால் லினக்ஸ் 3.0, இயல்பான நிறுவலில் செட்யூஐடி நிரல் எதுவும் இல்லாமல் வெளிவந்தது. அதில் ஷேடோ கோப்பு பயனருக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டதால், கடவுச்சொல்லை மாற்ற ரூட் அதிகாரம் தேவைப்படவில்லை.
* 2011இல் வெளியான ஃபெடோரா 15, பல செட்யூஐடி நிரல்களைத் திறன்களுக்கு மாற்றுவதை இலக்காகக் கொண்டிருந்தது.
* 2012இல் வெளியான லினக்ஸ் 3.5 பதிப்பில், ஒரு செயல்முறையும் அதன் வழித்தோன்றல்களும் இனிப் புதிய அதிகாரம் எதையும் பெறக்கூடாது என அறிவிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதன்பின் அவை இயக்கும் நிரல்களில் செட்யூஐடி பிட் செயற்படாது.
* 2013இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.3, செயலிகள் செட்யூஐடி நிரல்களின் வழி அதிகாரம் பெறுவதைத் தடுத்தது.
* 2024 சூனில் வெளியான சிஸ்டம்டி 256 பதிப்பில், செட்யூஐடி இல்லாமல் சூடோவின் பணியைச் செய்யும் ரன்0 என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. இது தானே ரூட் ஆக மாறுவதில்லை. ஏற்கெனவே ரூட் அதிகாரத்தில் இயங்கும் சேவையிடம் கட்டளையைத் தொடங்கித் தரும்படி கேட்கின்றது.

திறன்களும் குறையற்றவை அல்ல. சில திறன்கள் மிகவும் பரந்தவை. அவற்றைப் பெற்ற நிரல் ரூட் அதிகாரத்தை எளிதில் அடைந்துவிடும். மேலும் அவை எல்எஸ் பட்டியலில் எழுத்தாகக் காட்டப்படுவதில்லை. எனவே செட்யூஐடி பிட்டை மட்டும் தேடும் நிருவாகி அவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

தவறான அனுமதி மாற்றங்கள்

விளைவுகள்

அனுமதிச் சிக்கல் ஒன்றைத் தீர்ப்பதற்காகக் கணினியின் வேர் அடைவிலிருந்து எல்லாக் கோப்புகளுக்கும் 777 என்ற அனுமதியை இடுவது புதிய நிருவாகிகள் செய்யும் தவறுகளுள் ஒன்று. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தந்தால் எல்லாம் இயங்கும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். நடப்பது இதற்கு எதிரானது.

777 என்ற எண்ணில் நான்காவது இலக்கம் இல்லாததால், நிரல்களின் செட்யூஐடி பிட்டுகள் நீங்கிவிடுகின்றன. சூடோ தன் கோப்பில் அப்பிட் இல்லை எனக் கூறி நின்றுவிடும். எஸ்யூ சரியான கடவுச்சொல் தந்தாலும் ரூட் ஆக்காது. சாதாரணப் பயனரால் தன் கடவுச்சொல்லை மாற்ற இயலாது. எஸ்எஸ்எச் நிரல், பிறர் படிக்கக்கூடிய தனித் திறவுகோல்களை ஏற்க மறுக்கும். தொலைவிலுள்ள வழங்கியாயின், நிருவாகி உள்ளே நுழையும் வழியே அடைபட்டுப் போகலாம்.

சிஎச்ஓன் கட்டளையைக் கட்டளை அடைவுகள் மீது தவறாக இயக்கினாலும் இதே நிலை ஏற்படும். லினக்சில் நிரல் கோப்பின் உரிமையாளரை மாற்றும்போது, மாற்றுபவர் ரூட்டாக இருந்தாலும், செட்யூஐடி பிட் நீக்கப்படுகின்றது. எனவே உரிமையாளரை மீண்டும் ரூட்டாக மாற்றினால் மட்டும் போதாது. பிட்டையும் தனியே இட வேண்டும்.

மீட்பு

பழைய அனுமதிகள் கோப்பு முறைமையில் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. எனவே இம்மாற்றத்தைத் திரும்பப் பெறும் கட்டளை எதுவும் இல்லை. ரூட் அதிகாரத்தில் ஒரு முனையம் ஏற்கெனவே திறந்திருந்தால் அதை மூடாமல் வைத்திருப்பது முதலில் செய்ய வேண்டியது. இல்லையேல், மீட்பு நிலையிலோ வேறொரு வட்டிலிருந்தோ கணினியைத் தொடங்க வேண்டும்.

சரியான அனுமதிகளைப் பொதி மேலாண்மை முறைமையிலிருந்து பெறலாம். ஆர்பிஎம் பொதிகளைப் பயன்படுத்தும் வழங்கல்களில், பொதிகளின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளரும் அனுமதியும் பதிவாகியுள்ளன. அவற்றை ஒப்பிட்டுக் காட்டவும் மீண்டும் இடவும் ஆர்பிஎம் கட்டளையிலேயே வசதி உண்டு. உரிமையாளரை முதலிலும் அனுமதிகளை அடுத்தும் மீட்க வேண்டும். வரிசை மாறினால் மேற்கூறிய காரணத்தால் செட்யூஐடி பிட்டுகள் மீண்டும் நீங்கிவிடும். டெபியன் வழி வழங்கல்களில் பொதிகளை மறுபடி நிறுவுவதே வழக்கம்.

பயனர்கள் பலர் உள்ள கணினியில் இம்மீட்பும் போதாது. ஷேடோ கோப்பு எல்லாரும் படிக்கக்கூடியதாகவும், கட்டளைகள் எல்லாரும் எழுதக்கூடியதாகவும் இருந்த இடைவெளியில் என்ன நிகழ்ந்தது என்பதை அனுமதிகளை மட்டும் பார்த்து அறிய முடியாது. கடவுச்சொற்களை மாற்றி, இயக்குதளத்தை மீண்டும் நிறுவுவதே நம்பகமான தீர்வாகும்.

சிஎச்மோட் கட்டளையே அனுமதி இழத்தல்

சிஎச்மோட் நிரலின் இயக்கும் அனுமதி நீக்கப்பட்டுவிட்டால், அதை மீண்டும் தருவதற்கு அந்நிரலையே இயக்க முடியாது. ரூட் பயனருக்கும் இது பொருந்தும். இந்நிலைக்கு லினக்சில் பல தீர்வுகள் உள்ளன.

* நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் இயங்குநிலை ஏற்றியை நேரடியாக அழைத்து, சிஎச்மோட் கோப்பின் பெயரை அதற்கு உள்ளீடாகத் தருதல். ஏற்றி அக்கோப்பைப் படித்து இயக்குவதால் படிக்கும் அனுமதியே போதுமானது.
* பெர்ல், பைத்தான் போன்ற மொழிகளிலுள்ள அனுமதி மாற்றும் செயற்கூறைப் பயன்படுத்துதல். சிஎச்மோட் என்பது கட்டளையின் பெயர் மட்டுமன்று. கருனியின் அமைப்பு அழைப்பு ஒன்றின் பெயருமாகும். எந்த நிரலும் அதை அழைக்கலாம்.
* எல்எஸ் போன்ற இயங்கும் நிரலைப் படியெடுத்து, அப்படியின் உள்ளடக்கத்துக்கு மேல் சிஎச்மோட்டின் உள்ளடக்கத்தை எழுதுதல். உள்ளடக்கம் மாறினாலும் படியின் இயக்கும் அனுமதி மாறுவதில்லை.

முதல் வழியில் செட்யூஐடி அதிகாரம் கிடைக்காது. அப்போது கருனி தொடங்குவது ஏற்றியையே. ஏற்றியின் கோப்பில் அந்தப் பிட் இல்லை. எனவே செட்யூஐடி இழந்த சூடோவை இவ்வழியில் மீட்க முடியாது.

நிருவாக நடைமுறைகள்

ஃபைண்ட் கட்டளையைக் கொண்டு 4000 பிட் இடப்பட்ட கோப்புகள் அனைத்தையும் பட்டியலிடலாம். 2000 பிட்டுக்கும் இவ்வாறே செய்யலாம். கணினியை நிறுவியவுடன் இப்பட்டியலைச் சேமித்து, பின்னர் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தல் பழைய, பயனுள்ள நடைமுறையாகும். ஊடுருவியவர்கள் மீண்டும் நுழைவதற்காகச் செட்யூஐடி இடப்பட்ட ஷெல் ஒன்றை மறைவான அடைவில் விட்டுச் செல்வது உண்டு. திறன்கள் தரப்பட்ட கோப்புகளைக் கெட்கேப் கட்டளையால் தனியே பட்டியலிட வேண்டும்.

தேவையற்ற செட்யூஐடி நிரல்களின் பிட்டை நீக்கிவிடலாம். டெபியனில் இதை வெறும் சிஎச்மோட் கட்டளையால் செய்தால், பொதி மேம்படுத்தப்படும்போது பழைய அனுமதி திரும்பிவிடும். இதைத் தவிர்ப்பதற்கு, நிருவாகியின் முடிவைப் பதிந்து வைக்கும் தனிக் கட்டளை ஒன்று அங்கு உண்டு. ஒரு நிரல் சிலருக்கு மட்டும் தேவையெனில், அவர்களுக்கென ஒரு குழுவை உருவாக்கி, நிரலின் குழுவை அதற்கு மாற்றி, அனுமதியை 4750 என அமைக்கலாம். பிஎஸ்டி இயக்குதளங்களில் எஸ்யூவின் வழியாக ரூட் ஆவதற்கு வீல் என்ற குழுவில் உறுப்பினராக இருத்தல் வேண்டும் என்ற மரபும் இதே நோக்கத்தைக் கொண்டது.

சில இயக்குதளங்கள் கட்டளை அடைவுகளை ரூட் பயனராலும் மாற்ற முடியாதபடி செய்துள்ளன. 2015இல் வெளியான மேக்ஓஎஸ் பதிப்பு 10.11 முதல், இயக்குதளத்தின் நிரல்களை ரூட் அதிகாரத்தாலும் மாற்ற இயலாது. ஃபெடோரா சில்வர்புளூ போன்ற லினக்ஸ் வழங்கல்களில் இவ்வடைவுகள் படிக்க மட்டும் கூடியவையாக ஏற்றப்படுகின்றன. இவற்றில் நிருவாகியின் தவறான சிஎச்மோட் கட்டளை, கட்டளை நிரல்கள் எதையும் மாற்றாமல் பிழைச்செய்தியுடன் முடிவடையும்.